நூறு பேருக்கு கூகுள் ஃபார்ம் அனுப்பினால் அது வலைப்பின்னல் ஆகுமா?

நீங்கள் கேட்டது இது. எம்.இ. கட்டுமான மேலாண்மை படிக்கிறீர்கள். "நீடித்த கட்டுமான மேலாண்மையில் சமூக வலைப்பின்னல் பகுப்பாய்வு" என்று கைடு தலைப்புக் கொடுத்துவிட்டார். நூறு இன்ஜினியர்களுக்கு கூகுள் ஃபார்ம் அனுப்பி, ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடச் சொல்லி, வந்ததை ஜெஃபி மென்பொருளில் ஏற்றிப் படம் எடுக்கலாம் என்று இருக்கிறீர்கள், அது போதுமா என்கிறீர்கள். கடைசி வரியில், "சைட்டில் இதற்கெல்லாம் உண்மையிலேயே உபயோகம் உண்டா, பேப்பர் போட மட்டும்தானா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. உபயோகம் உண்டு, நிச்சயமாக உண்டு. ஆனால் நீங்கள் போட்டிருக்கும் திட்டத்தில் அது கிடைக்காது. ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

நான் இருபது வருடத்துக்கு மேலாகக் கட்டட வேலையில் இருக்கிறேன். முதலில் சைட் இன்ஜினியர், பிறகு தரக் கட்டுப்பாடு, இப்போது பசுமைச் சான்றிதழுக்குப் போகும் கட்டடங்களில் திட்ட மேலாண்மை. உங்களைப் போன்ற நாலைந்து மாணவர்களின் ஆய்வுக்கு வெளியிலிருந்து உதவியிருக்கிறேன். சாலை, பாலம், மெட்ரோ வேலைகளில் எனக்கு அனுபவம் இல்லை, அதனால் கீழே சொல்வதெல்லாம் கட்டடங்களுக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறைக்கு இப்படி ஒரு பெயர் இருப்பதே தெரியாத காலத்தில் எனக்கு நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். சென்னை ஓஎம்ஆர் சாலைப் பக்கம் ஓர் அலுவலகக் கட்டடம். பசுமைச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று உரிமையாளர் நடுவில் முடிவெடுத்ததால், நாலாவது தளத்திலிருந்து கான்கிரீட் மிக்ஸை மாற்றினோம். சாதா ஓபிசி சிமெண்டில் பாதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஜிஜிபிஎஸ், அதாவது இரும்பு உலைக் கசடை அரைத்த தூள். உலகம் முழுக்க மனிதர்களால் வெளியாகும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய 7 முதல் 8 சதவீதம் சிமெண்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது, அதனால் முடிவு நல்ல முடிவுதான். ஆனால் கசடு கலந்த கான்கிரீட் நிதானமாகத்தான் வலுப்பெறும், ஈரம் அதிக நாள் வேண்டும். ஓபிசிக்குக் குறைந்தது 7 நாள் கியூரிங், அதாவது ஈரமாகவே வைத்திருப்பது, இப்படிக் கலப்புப் பொருள் சேர்த்தால் குறைந்தது 10 நாள், முடிந்தால் 14 நாள் வரை நீட்டுங்கள் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456. மாசி மாதம். தளம் போட்ட எட்டாம் நாள் காலையில் மேலே ஏறினேன். பாத்தி கட்டி நிறுத்தியிருந்த தண்ணீர் இல்லை, சாக்கையெல்லாம் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டார்கள், தளம் வெளுத்துக் காய்ந்து கிடக்கிறது. உள்ளங்கையால் தேய்த்தால் மாவு மாதிரி ஒட்டிக்கொண்டு வருகிறது. தண்ணீர் விடும் அம்மா படிக்கட்டு ஓரம் உட்கார்ந்திருந்தார், அவரிடம் கேட்டேன். "ஏழு நாள் ஆயிடுச்சே சார், எப்பவும் ஏழு நாள்தானே?" என்றார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை, அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அன்று மதியம் சைட் ஆபீசில் ஒரு பழைய டிராயிங் தாளைத் திருப்பிப் போட்டு, இந்த மிக்ஸ் மாறிய செய்தி யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்டுக் கோடு போட்டேன். ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட் ஒப்புதல் கொடுத்து மெயில் அனுப்பினார். உரிமையாளரின் பிரதிநிதி, எங்கள் ப்ராஜெக்ட் மேனேஜர், தரக் கட்டுப்பாடு பார்க்கும் க்யூசி இன்ஜினியர், கான்கிரீட் கலந்து அனுப்பும் ஆர்எம்சி பிளான்ட் வரை செய்தி ஒழுங்காகப் போயிருக்கிறது. சைட் இன்ஜினியருக்கும் அதே மெயில் காப்பி போயிருந்தது. "மிக்ஸ் டிசைன் அப்ரூவல்" என்ற தலைப்பைப் பார்த்து, இது பிளான்ட்டுக்கான விஷயம் என்று அவர் திறக்கவே இல்லை. சைட் இன்ஜினியருக்குத் தெரியும் என்று க்யூசி நினைத்துக்கொண்டார். சைட் இன்ஜினியருக்குக் கீழே ஃபோர்மேன், லேபர் கான்ட்ராக்டர், மேஸ்திரி, அப்புறம் அந்த அம்மா. தாளில் இரண்டு கொத்தாகக் கோடுகள், நடுவில் இருக்க வேண்டிய ஒரே ஒரு கோடு இல்லை. ஸ்பெசிஃபிகேஷன் சரி, கான்கிரீட் சரி, அதே கான்கிரீட்டில் கட்டி வார்த்து உடைத்துப் பார்க்கும் க்யூப் டெஸ்ட்கூடப் பாஸ், ஏனென்றால் க்யூப் தண்ணீர்த் தொட்டியில் 28 நாள் ஊறுகிறது, தளம் ஊறவில்லை. மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துப் பாலிமர் கலவை பூசிச் சரிசெய்தோம். சிமெண்டில் மிச்சம் பிடித்த கார்பனில் ஒரு பங்கை அந்த ரிப்பேரில் திருப்பிக் கொடுத்தோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தத் தாளில் நான் கிறுக்கியதுதான் எஸ்என்ஏ, அதாவது உங்கள் தலைப்பில் இருக்கும் சமூக வலைப்பின்னல் பகுப்பாய்வு. ஆட்கள் புள்ளிகள், அவர்களுக்கிடையே போகும் ஒரு குறிப்பிட்ட விஷயம் கோடு. வேர் பழையது. ஜேக்கப் மொரீனோ 1930களில் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சனில், பெண் பிள்ளைகளுக்கான ஒரு பயிற்சிப் பள்ளியில் யார் யாரோடு பழகுகிறார்கள் என்று படம் போட்டு, ஏன் கொத்தாக ஓடிப்போனார்கள் என்று விளக்கப் பார்த்தார். 1973இல் மார்க் கிரானோவெட்டர், வேலை பற்றிய தகவல் நெருங்கிய நண்பர்களைவிட அரிதாகச் சந்திக்கும் அறிமுகக்காரர்கள் வழியாக அதிகம் வருகிறது என்று காட்டினார். 1970களின் கடைசியில் லின்டன் ஃப்ரீமன், வலைப்பின்னலில் ஒருவர் எவ்வளவு நடுவில் இருக்கிறார் என்று சொல்லும் மையத்தன்மை அளவுகளை ஒழுங்குபடுத்தினார். கட்டுமானத்துக்குள் இதை இழுத்து வந்தவர்களில் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் ஸ்டீபன் பிரைக் முக்கியமானவர், இதற்கென்றே 2012இல் ஒரு புத்தகம் எழுதினார். அமெரிக்காவில் கொலராடோவின் பால் சினோவ்ஸ்கி, தகவல் ஓட்டத்தோடு நம்பிக்கையையும் சேர்த்து அளக்க வேண்டும் என்றார். உங்கள் இலக்கிய ஆய்வு அத்தியாயத்தில் இந்த இரண்டு பேரும் இருக்கட்டும்.

இப்போது உங்கள் ஃபார்முக்கு வருகிறேன். நூறு இன்ஜினியர்கள், நூறு கம்பெனி, ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. அவர்களிடம் "பசுமைக் கட்டுமானத்துக்குத் தகவல் தொடர்பு எவ்வளவு முக்கியம்?" என்று கேட்டால் வருவது கருத்து, எல்லோரும் நாலோ ஐந்தோ போடுவார்கள். அதில் கோடே கிடையாது. கோடு இல்லாமல் ஜெஃபி ஒன்றும் செய்யாது. கேள்விகளுக்கிடையேயான ஒட்டுறவுக் கெழுவை, அதாவது கோரிலேஷனை எடுத்துக் கோடாக மாற்றிப் படம் போட்ட ஆய்வேடுகளை நான் பார்த்திருக்கிறேன், படம் அழகாக இருக்கும், ஆனால் அதில் ஆட்களுக்கிடையில் நடந்தது எதுவும் இல்லை. ஒன்று முதல் ஐந்து, ரிலேட்டிவ் இம்பார்ட்டன்ஸ் இண்டெக்ஸ், க்ரான்பாக் ஆல்ஃபா என்று சர்வேக்கான கணக்குகளில் போக வேண்டுமென்றால் தாராளமாகப் போங்கள், அது வேறு ஆய்வு, அதற்கு இந்தத் தலைப்பு வேண்டாம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் தேட ஆரம்பித்ததும் உங்களுக்கு இது வரும். ஒரே பெயரில் மூன்று வேறு வேறு சரக்கு இருக்கிறது. முதலாவது நான் சொன்னது: உண்மையான ஆட்கள், உண்மையான பேச்சு. இரண்டாவதில் புள்ளிகள் ஆட்கள் இல்லை, "இந்தப் பங்குதாரர், இந்த ஆபத்து" என்ற ஜோடிகள்; ஒரு ஆபத்து இன்னொன்றை எவ்வளவு தூண்டும் என்று அனுபவசாலிகளிடம் கேட்டுக் கோடு போடுவார்கள். பசுமைக் கட்டடங்களுக்கு ரெபெக்கா யாங்கும் பாட்ரிக் ஸோவும் 2014இல் வெளியிட்ட கட்டுரை இந்த வகை, நல்ல வேலை, அதைப் பின்பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அங்கே கோடு என்பது ஒருவருடைய தீர்ப்பு, நடந்த சம்பவம் இல்லை. அதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்தினால் ஒரு குறையும் இல்லை. மூன்றாவது விஓஎஸ்வியூவர் என்ற மென்பொருளில் போடும் படம், கட்டுரைகளின் சாவிச்சொற்கள் எவை எவையோடு சேர்ந்து வருகின்றன என்பது. அது நூலகத்தைப் பற்றியது, சைட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது. உங்கள் கைடு எதை மனதில் வைத்துச் சொன்னார் என்று முதலில் கேட்டுவிடுங்கள். நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்தாலும், மூன்றையும் ஒரே அத்தியாயத்தில் ஒன்றுபோல எழுதாதீர்கள்.

முதல் வகையைச் செய்வதென்றால் வேலையின் பாதி, கேள்வியைச் சின்னதாக்குவதில் இருக்கிறது. "நீடித்த தன்மை பற்றி யாரோடு பேசுவீர்கள்?" என்று மேஸ்திரியிடம் கேட்டால் அவர் முழிப்பார், மேனேஜர் உடனே பத்துப் பெயர் சொல்லுவார், இரண்டுமே உபயோகமில்லை. ஒரு பொருளை, ஒரு முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். இடிபாட்டைப் பிரித்துக் கொட்டுவது ஒன்று. கியூரிங் தண்ணீர் ஒன்று. ஜன்னல் கண்ணாடி இன்னொன்று, அது அருமையான விஷயம்: வெயிலின் சூட்டில் எவ்வளவு பங்கு உள்ளே வரும் என்பதை எஸ்எச்ஜிசி என்ற எண் சொல்லும், எனர்ஜி கணக்குப் போட்டவர் 0.25 என்று வைத்து ஏசி டன்னேஜ் வரை கணக்கு முடித்திருப்பார், கடைசி நேரத்தில் செலவைக் குறைக்க பர்ச்சேஸ் 0.40 கண்ணாடிக்கு ஆர்டர் போட்டால், அதே ஜன்னல் வழியாக வரும் வெயில் சூடு 60 சதவீதம் கூடிவிடும். பர்ச்சேஸுக்கும் எனர்ஜி கணக்குப் போட்டவருக்கும் நடுவில் கோடு இருந்ததா என்பதுதான் உங்கள் கேள்வியாக இருக்க வேண்டும். அப்புறம் காலத்தையும் சுருக்குங்கள், "கடந்த இரண்டு வாரத்தில்" என்று. ஆறு மாதம் என்றால் யாருக்கும் ஞாபகம் இருக்காது, வழக்கமாக யாரோடு பேச வேண்டுமோ அவர் பெயரைச் சொல்லிவிடுவார்கள்.

எல்லை போடுவது அடுத்தது. சைட்டில் இருக்கும் அதிகாரப்பூர்வப் பட்டியலோடு ஆரம்பியுங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். ஒவ்வொருவரும் சொல்லும் புதுப் பெயரையும் சேர்த்து அவரையும் போய்ப் பாருங்கள், புதுப் பெயர் வருவது நிற்கும் வரை. பெயர்ப் பட்டியலைக் கையில் கொடுத்து டிக் போடச் சொல்வது, மனதிலிருந்து சொல்லச் சொல்வதைவிட நல்லது, ஐம்பது பேர் வரை இது சமாளிக்க முடிகிற வேலை. படிக்கத் தெரியாதவர்களிடம் நீங்களே படித்துக் காட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். கூகுள் ஃபார்ம் இங்கே செத்துவிடும், டீக்கடைதான் வேலைக்கு ஆகும். பதில் விகிதம் சாதாரண சர்வே மாதிரி இல்லை. சர்வேயில் நூறில் நாற்பது பேர் பதில் சொன்னால் ஏதோ ஒரு மாதிரி என்று ஓட்டலாம். இங்கே பத்தில் எட்டுப் பேராவது வேண்டும், விடுபட்ட இரண்டு பேர் யார் என்பதும் முக்கியம். நடுவில் நின்று இரண்டு குழுவை இணைக்கிற ஆள் அன்றைக்கு லீவில் இருந்தால், உங்கள் படத்தில் சைட் இரண்டாகப் பிளந்து கிடக்கும், நீங்கள் அதற்கு நாலு பக்கம் விளக்கமும் எழுதிவிடுவீர்கள்.

கோட்டுக்குத் திசை உண்டு என்பதையும் விட்டுவிடாதீர்கள். "மேஸ்திரியோட தினமும் பேசுறேன்" என்று இன்ஜினியர் சொல்லுவார். மேஸ்திரியைக் கேட்டால், "அவர் பேசுவார், நான் கேப்பேன்" என்பார். இந்த இரண்டையும் ஒரே கோடாகப் போட்டால் சைட்டில் நடப்பதே மறைந்துவிடும். யார் சொன்னார், யார் கேட்டார் என்று இரண்டு கேள்வியாக வையுங்கள். ஒருவர் சொன்னதை மற்றவரும் ஒப்புக்கொள்கிறாரா என்று பாருங்கள். மேலே இருப்பவர் பெயரைக் கீழே இருப்பவர் சொல்வதும், கீழே இருப்பவர் பெயரை மேலே இருப்பவர் மறந்துவிடுவதும் நான் கேட்ட ஒவ்வொரு இடத்திலும் நடந்தது.

வாட்ஸ்அப் குரூப்பை வைத்துக் கோடு போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கூடாது. குரூப்பில் இருப்பது ஒரே அறையில் இருப்பது மாதிரி, அங்கே பேச்சு நடந்தது என்று அர்த்தம் இல்லை. சந்தேகம் கேட்டு எழுதும் ஆர்எஃப்ஐ கடிதங்களின் பதிவேடு, டிராயிங் அனுப்பிய பதிவேடு, மீட்டிங் மினிட்ஸ் ஆகியவை நல்ல ஆதாரம், ஆனால் அவை அதிகாரப்பூர்வ ஓட்டத்தை மட்டும் காட்டும். நேரில் கேட்ட படத்தையும் பதிவேட்டுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எங்கே வித்தியாசம் இருக்கிறதோ அங்கேதான் உங்கள் ஆய்வின் சாரம் இருக்கிறது.

இப்படி முறையாகச் செய்த ஒன்றைச் சொல்கிறேன். சென்னைப் புறநகரில் பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிய ஒரு வேலை. அப்போது நடப்பில் இருந்த 2016ஆம் ஆண்டுக் கட்டுமான, இடிபாட்டுக் கழிவு விதிகளின்படி பெரிய சைட்கள் கான்கிரீட்டைத் தனியாக, மண்ணைத் தனியாக, இரும்பு மரம் பிளாஸ்டிக்கைத் தனியாக, செங்கல் கலவையைத் தனியாகப் பிரிக்க வேண்டியிருந்தது. மாநகராட்சிக்குப் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இந்தக் கழிவைப் பதப்படுத்தும் ஆலைகள் இருக்கின்றன. ஜல்லி, மணலுக்கான தர விதி ஐஎஸ் 383 நிபந்தனைகளோடு மறுசுழற்சி ஜல்லியை அனுமதிக்கிறது: எம்25 என்ற வலிமைத் தரம் வரையிலான கம்பி கட்டிய கான்கிரீட்டில் 20 சதவீதம் வரை. அதாவது சட்டம் இருந்தது, ஆலை இருந்தது, தர விதி இருந்தது. ஆனாலும் எங்கள் சைட்டிலிருந்து எல்லாம் கலந்து ஒரே லாரியில்தான் போய்க்கொண்டிருந்தது. 34 பேரிடம் கேட்டோம். 34 பேர் என்றால் இருக்கக்கூடிய திசைக் கோடுகள் 34 பெருக்கல் 33, மொத்தம் 1,122. அதில் எத்தனை உண்மையில் இருக்கிறது என்ற விகிதம்தான் அடர்த்தி. அடர்த்தி எண்ணைப் பார்த்து நான் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை, உண்மையாகச் சொல்கிறேன். கற்றுக்கொண்டது மூன்று ஆட்களிடமிருந்து.

ஒருவர், சான்றிதழுக்கான காகிதங்களைச் சேர்க்கும் ஜூனியர் இன்ஜினியர். அவருக்கு இருந்த கோடுகள் குறைவு, ஐந்தாறுதான். ஆனால் பசுமை ஆலோசகரின் அலுவலகத்தையும் சைட்டையும் இணைத்த எல்லா வழியும் அவர் வழியாகவே போனது. இதற்குத்தான் பிட்வீன்னஸ் என்று பெயர், மற்ற இரண்டு பேருக்கிடையேயான மிகக் குறுகிய வழியில் நீங்கள் எத்தனை முறை நிற்கிறீர்கள் என்ற அளவு. டேவிட் கிராக்ஹார்ட் 1990இல் போட்ட காற்றாடிப் படத்தை எடுத்துப் பாருங்கள்: பத்துப் புள்ளி, ஆறு கோடு வைத்திருப்பவர்தான் பிரபலம், ஆனால் வால் தொடங்கும் இடத்தில் வெறும் மூன்று கோட்டோடு நிற்பவருக்குத்தான் பிட்வீன்னஸ் அதிகம். எங்கள் ஜூனியர் அந்த வால் தொடங்கும் இடம். அவர் ஸ்டோர் கீப்பரிடம் டெலிவரி சலான் வாங்கி ஃபைல் போட்டார், ஆலோசகருக்கு அனுப்பினார், மாதம் ஒரு தடவை ஆலோசகர் வந்து ஃபைலைப் பார்த்தார். கொட்டுகிற இடத்தில் நிற்கும் மேஸ்திரிகள் ஒருவரோடும் அவருக்குக் கோடு இல்லை. அவருக்கு வேறு வேலை கிடைத்துப் போனபோது அந்த மெல்லிய கோடும் அறுந்து, ஆறு வாரம் ஃபைல்கூட நகரவில்லை.

இரண்டாவது ஆள், ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்திலிருந்து வந்த சென்ட்ரிங் சூப்பர்வைசர். சென்ட்ரிங், கம்பி வேலை எல்லாம் ஒடிசா, ஜார்க்கண்ட் ஆட்கள். பிளாக் வேலை, பூச்சு வேலை விழுப்புரம், திருவண்ணாமலை பக்கத்து ஆட்கள். படத்தில் மொழிப்படி இரண்டு கொத்து. தமிழும் இந்தியும் ஒடியாவும் பேசிய இவர் ஒருவர்தான் பாலம். கழிவைப் பிரிப்பது பற்றிய போர்டு தமிழிலும் ஆங்கிலத்திலும் இருந்தது, அவருடைய ஆட்களில் பாதிப் பேருக்கு அது ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாவது ஆள் எங்கள் பட்டியலிலேயே இல்லை. இடிபாடு ஏற்றும் லாரிக்காரர். பெயர் சேர்த்துக்கொண்டே போனபோது ஏழாவது எட்டாவது ஆளிடமிருந்து அவர் பெயர் வர ஆரம்பித்தது, கடைசியில் பார்த்தால் மேஸ்திரிகள் அத்தனை பேருக்கும் அவரோடு கோடு, எங்கள் இன்ஜினியர் ஒருவருக்கும் இல்லை. எங்கே கொட்டுவது, கலந்து ஏற்றுவதா பிரித்து ஏற்றுவதா என்பதையெல்லாம் தினமும் முடிவு செய்தவர் அவர். லாரி நிழலில் நின்றுகொண்டு கேட்டேன். "பிரிச்சுக் குடுத்தா கான்கிரீட்டுக்கு வாங்குற ஆள் இருக்கு சார், ரேட்டும் கொறைச்சுக்கலாம். யாரும் என்கிட்ட கேக்கலையே" என்றார். ஆலோசகரின் நாற்பது பக்கக் கழிவு மேலாண்மைத் திட்டத்தில் அவர் இல்லை.

நாங்கள் செய்தது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை ஒருங்கிணைப்புக் கூட்டத்துக்கு லாரிக்காரரையும் மேஸ்திரிகளையும் கூப்பிட்டோம், ஆலோசகர் மாதம் ஒரு தடவை வருவதை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஆக்கி, ஃபைலைப் பார்ப்பதற்கு முன்னால் கொட்டும் இடத்துக்குப் போகச் சொன்னோம், ஒடியாவிலும் இந்தியிலும் படம் போட்ட போர்டு வைத்தோம். மூன்று மாதம் கழித்துத் திரும்பக் கேட்டுப் படம் போட்டபோது இரண்டு கொத்துக்கும் நடுவில் நாலைந்து கோடு வந்திருந்தது, கான்கிரீட் தனி லாரியில் போனது.

இதில் எது உறுதி, எது சந்தேகம் என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் வைவாவில் இதைத்தான் கேட்பார்கள். உறுதியானது: எங்கே கோடு இல்லை, யார் போனால் அறுந்துவிடும், பட்டியலில் இல்லாதவர் யார் என்பதை இந்த முறை காட்டும், அதுவும் ஆர்கனைசேஷன் சார்ட் காட்டவே முடியாதபடி காட்டும். கோடுகள் வந்ததால்தான் கழிவு பிரிந்தது என்பது உறுதி இல்லை. அதே நேரத்தில் லாரிக்காரரோடு புது ரேட் பேசினோம், பிரித்துக் கொடுத்தால் எங்களுக்கு லாபம் என்று ஆனது; காசு வேலை செய்ததா, பேச்சு வேலை செய்ததா என்று ஒரே ஒரு சைட்டை வைத்து யாரும் சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்துதான் என்பது என் நம்பிக்கை, அவ்வளவுதான். அடர்த்தி கூடினால் பசுமைச் செயல்பாடு கூடும் என்று எழுதிவிடாதீர்கள். பிரச்சினை முற்றிய சைட்டில் எல்லோரும் எல்லோரோடும் போனில் கத்திக்கொண்டிருப்பார்கள், அங்கேயும் அடர்த்தி அதிகம்தான். மையத்தில் இருப்பவர் திறமைசாலி என்றும் எழுதாதீர்கள். சில சமயம் மையத்தில் இருப்பவர்தான் அடைப்பு, எல்லாக் கையெழுத்தும் அவரிடம் காத்துக்கிடக்கும்.

புள்ளியியலில் ஒரு பொறி இருக்கிறது. சாதாரண ரிக்ரஷனும் டி டெஸ்ட்டும் ஒவ்வொரு தரவும் மற்றதிலிருந்து விலகித் தனியாக நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளும். கோடுகள் அப்படி இல்லை, ஒரே ஆளின் பத்துக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. அதனால் க்யூஏபி என்ற முறையைப் பயன்படுத்துங்கள், அது அட்டவணையின் வரிசைகளையும் நெடுவரிசைகளையும் சேர்த்து மாற்றி மாற்றிக் கலைத்துப் போட்டு, கிடைத்த தொடர்பு தற்செயலா என்று பார்க்கும். ஜெஃபியில் அது கிடையாது. யூசிஐநெட் என்ற மென்பொருளில் இருக்கிறது, ஆர் மொழியில் எஸ்என்ஏ என்ற தொகுப்பில் இலவசமாக இருக்கிறது. ஜெஃபியைப் படம் போட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, கட்டடத்தின் வலைப்பின்னல் நிற்காது. அஸ்திவாரத்தில் இருந்த ஆட்கள் பினிஷிங்கில் இருக்க மாட்டார்கள். ஒரு தடவை எடுத்த படம் அந்த இரண்டு வாரத்தைத்தான் சொல்லும். ஒரு செமஸ்டரில் உங்களால் இரண்டு தடவை எடுக்க முடிந்தால் எடுங்கள், முடியாவிட்டால் ஒன்றை ஒழுங்காக எடுத்து, அது எந்தக் கட்டம் என்று தெளிவாக எழுதுங்கள்.

ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை, இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். சாதாரண சர்வேயில் பெயர் வேண்டாம், இதில் பெயர் இல்லாமல் வேலையே இல்லை. பெயரை எடுத்துவிட்டு "ஸ்டோர் கீப்பர்" என்று போட்டாலும், சைட்டில் ஸ்டோர் கீப்பர் ஒருவர்தான், எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஒரு வேலையில் படத்தைப் பார்த்த மேலதிகாரி, ஓரத்தில் தனியாகக் கிடந்த மூன்று புள்ளிகள் யார் என்று கேட்டார், ஆட்குறைப்புக்கு. நான் கொடுக்கவில்லை, அந்த மூன்று பேரில் ஒருவர் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர், பகலில் யாரோடு பேச முடியும்? கேட்பதற்கு முன்னால் சம்மதம் வாங்குங்கள். படத்தை முதலில் பதில் சொன்னவர்களிடம் காட்டுங்கள், "இது சரியா, இதை வெளியே காட்டலாமா" என்று கேளுங்கள். தப்பான கோடுகளை அவர்களே திருத்தித் தருவார்கள், அதனால் உங்கள் தரவும் நல்லதாகும். நிர்வாகத்துக்குக் கொடுக்கும் பிரதியில் ஆட்களைக் குழுக்களாகச் சேர்த்துக் கொடுங்கள்.

அதனால் என் யோசனை: நூறு பேரை விடுங்கள். பசுமைச் சான்றிதழுக்குப் பதிவு செய்த, தெரிந்தவர் மூலம் உள்ளே போக முடிகிற ஒரே ஒரு சைட்டைப் பிடியுங்கள். முதல் வாரம் ஒன்றும் கேட்காதீர்கள், காலை ஏழு மணிக்குப் போய் மேஸ்திரி ஆட்களைப் பிரித்துவிடுவதைப் பாருங்கள், ஒரு லாரி உள்ளே வந்து வெளியே போகும் வரை கூடவே நில்லுங்கள். எந்த விஷயத்தைக் கேள்வியாக்க வேண்டும் என்பது அதிலேயே வந்துவிடும். இரண்டாவது வாரம் ஒரே கேள்வி, பட்டியல், டிக், ஆளுக்குப் பதினைந்து நிமிடம். முப்பது, நாற்பது பேர் என்றால் பத்து நாளில் முடிந்துவிடும். எக்செலில் பெயர்களை வரிசையிலும் நெடுவரிசையிலும் போட்டு, சொன்ன இடத்தில் 1, சொல்லாத இடத்தில் 0. முதல் படத்தைக் கையாலேயே போடுங்கள், பெரிய தாளில், பென்சிலால். எந்தப் புள்ளியை எங்கே வைப்பது என்று நீங்கள் யோசிக்கும்போதே பாதி விஷயம் பிடிபடும், மென்பொருள் அதற்குப் பிறகு. கைடு தலைப்பை மாற்ற ஒத்துக்கொள்ளாவிட்டால் தலைப்பு அப்படியே இருக்கட்டும், அதற்குக் கீழே "ஒரு கட்டடத்தின் கழிவுப் பிரிப்பை முன்வைத்து" என்று ஒரு வரி சேர்க்க அனுமதி கேளுங்கள், அது பெரும்பாலும் கிடைக்கும்.